மார்கழிக் குளிரும் மின்சாரக் கட்டணமும்



கோடையில் மின்விசிறி இரவு பகலாகச் சுற்றுகிறது, மின்கட்டணமும் ஏறுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மார்கழி பிறந்ததும் விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறோம். அப்படியானால் கட்டணம் நன்றாகக் குறைய வேண்டும் அல்லவா? பல வீடுகளில் அது குறைவதில்லை. சில வீடுகளில் கூடவும் செய்கிறது. விசிறி நின்ற பிறகு அந்த மின்சாரம் எங்கேதான் போகிறது?

குளியலறையையும் துணி துவைக்கும் இடத்தையும் பாருங்கள். விடை கிடைத்துவிடும். குளிர்காலச் செலவின் பெரும் பகுதி தண்ணீரைச் சுற்றியே நடக்கிறது. குளிக்கும் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். துவைத்த துணியிலிருந்து தண்ணீரைப் போக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளிலும் இயற்பியல் நமக்கு ஓர் எளிய விதியைக் கற்றுத் தருகிறது. தண்ணீரை நகர்த்துவது மலிவு, சூடாக்குவது செலவு, ஆவியாக்குவது பெருஞ்செலவு. இந்த விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் வீட்டுச் செலவை எங்கே குறைக்கலாம் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு யூனிட்டால் என்ன செய்யலாம்?

மின்சார வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. 1000 வாட் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். இதை ஆற்றலின் அலகில் சொன்னால் 3600 கிலோ ஜூல். இவ்வளவு ஆற்றலைக் கொண்டு தண்ணீரை என்ன செய்யலாம் என்று மூன்று விதமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில், தண்ணீரை மேலே தூக்குவோம். 1000 லிட்டர் தண்ணீரின் நிறை 1000 கிலோகிராம். அதை ஒரு மீட்டர் உயர்த்த 9.8 கிலோ ஜூல் தேவை. 3600-ஐ 9.8-ஆல் வகுத்தால் 367 வருகிறது. அதாவது, ஒரே ஒரு யூனிட்டைக் கொண்டு ஒரு டன் தண்ணீரை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடலாம்! திருச்சி மலைக்கோட்டையின் உயரமே சுமார் 83 மீட்டர்தான். மோட்டாரிலும் குழாயிலும் பாதி ஆற்றல் வீணாகிப் போனாலும், மலைக்கோட்டையைப் போல் இரு மடங்கு உயரத்துக்கு அது ஏறிவிடும்.

இரண்டாவதாக, அதே 1000 லிட்டரைச் சூடாக்குவோம். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1° செ. உயர்த்த 4.2 கிலோ ஜூல் வேண்டும். இதையே தண்ணீரின் தன்வெப்பம் என்று படித்திருக்கிறீர்கள். 3600-ஐ 4200-ஆல் வகுத்துப் பாருங்கள். வெப்பநிலை 0.86° செ. மட்டுமே உயரும். கையை விட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

மூன்றாவதாக, தண்ணீரை ஆவியாக்குவோம். சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 2450 கிலோ ஜூல் தேவை. இதுதான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். எனவே ஒரு யூனிட்டால் ஆவியாக்கக்கூடிய தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கும் சற்றுக் குறைவுதான்!

ஏன் இவ்வளவு வேறுபாடு? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. கைகோத்து நிற்கும் மாணவர் கூட்டம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டத்தை அப்படியே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடத்திச் செல்வது எளிது. தண்ணீரைத் தூக்குவது இத்தகைய வேலை. ஒவ்வொரு மாணவனையும் நின்ற இடத்திலேயே குதிக்க வைப்பது அதைவிடக் கடினம். சூடாக்குவது அத்தகையது. எல்லோருடைய கைகளையும் பிரித்து ஆளுக்கொரு திசையில் ஓட விடுவது எல்லாவற்றிலும் கடினம். ஆவியாக்குவது அதுதான்.

வெந்நீர்க் கணக்கு

இனி குளியலறைக்குப் போவோம். சமவெளியில் உள்ள ஓர் ஊரில் மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 22° செ. இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் குளிக்க 15 லிட்டர் கொண்ட ஒரு வாளி வெந்நீர், 40° செ. சூட்டில் வேண்டும். உயர்த்த வேண்டிய வெப்பநிலை 18°. 15 × 4.2 × 18 = 1134 கிலோ ஜூல். இது ஏறக்குறைய 0.32 யூனிட். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 1.26 யூனிட். 75 வாட் விசிறியை எட்டு மணி நேரம் நிறுத்தி வைத்ததால் மிச்சமானது 0.6 யூனிட். விசிறியில் மிச்சம் பிடித்ததைப் போல் இரண்டு மடங்கை வாளியில் ஊற்றிவிட்டோம்!

தமிழ்நாட்டு வீடுகளில் மின் அளவைக் கணக்கிட்டு வந்தது இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை. 60 நாளைக்குக் கணக்குப் போட்டால் குளியலுக்கு மட்டும் சுமார் 76 யூனிட். 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்னும் ஏற்பாடு வந்தது. அந்த 100 யூனிட்டில் முக்கால் பங்கை வெந்நீரே விழுங்கிவிடுகிறது. உதகை, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் தொட்டித் தண்ணீர் 12° செ. இருந்தால், இதே குளியலுக்கு இரண்டு மாதத்தில் 118 யூனிட் வேண்டும். பயன்பாடு கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக உயர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதைக் குறைப்பது எப்படி? குளிக்காமல் இருப்பதல்ல வழி! சூட்டை 40°-லிருந்து 37°-க்குக் குறைத்துப் பாருங்கள். அது நம் உடலின் வெப்பநிலைதான். 18° உயர்த்துவதற்குப் பதில் 15° உயர்த்துகிறோம். செலவில் ஆறில் ஒரு பங்கு மிச்சம்.

கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, பிறகு பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவுவதால் ஆற்றல் வீணாகிறதா என்று சிலர் கேட்பதுண்டு. விளாவுவதால் மட்டும் எதுவும் வீணாவதில்லை. வெந்நீர் இழந்த வெப்பத்தைத் தண்ணீர் பெற்றுக்கொள்கிறது. இரண்டும் வாளிக்குள்தானே இருக்கின்றன? வீண் நடப்பது வேறு இடங்களில். அண்டாவை மூடாமல் சூடாக்கினால் ஆவி பறக்கிறது. அந்த ஆவியில் 100 கிராம் தண்ணீர் போனால், அது கொண்டுபோகும் உள்ளுறை வெப்பம் 245 கிலோ ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 58° உயர்த்தப் போதுமான வெப்பம்! ஆகவே ஒரு தட்டுப் போட்டு மூடுவது சிறிய வேலை, பலனோ பெரிது. அதுபோலவே கீசரில் மிச்சமாகும் வெந்நீர் மெல்ல ஆறி, கொடுத்த வெப்பத்தை எல்லாம் சுவருக்கும் காற்றுக்கும் தானம் செய்துவிடுகிறது. வீட்டார் ஒருவர் பின் ஒருவராகக் குளித்து, கடைசி ஆள் உள்ளே போகும் முன்பே கீசரை நிறுத்திவிட்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

துவைக்க வெந்நீர் வேண்டுமா?

குளிர்காலத்தில் வெந்நீரில் துவைத்தால்தான் அழுக்குப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி எது என்று பார்ப்போம்.

தலையணை உறையிலும் சட்டைக் காலரிலும் ஏறும் அழுக்கில் முக்கியமானது எண்ணெய். நம்மில் பலர் தலைக்குத் தேய்ப்பது தேங்காய் எண்ணெய். அது சுமார் 24° செ. வெப்பநிலையில் உருகும். மார்கழிக் காலையில் குப்பியில் அது உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குப்பியில் உறைந்தது துணியில் மட்டும் உறையாமல் இருக்குமா? 22° தண்ணீரில் துவைக்கும்போது நூலிழைகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய் கெட்டியாகவே இருக்கிறது. சோப்பு அதைப் பிரித்தெடுக்கச் சிரமப்படுகிறது. எனவே குளிர்காலத்தில் சற்று வெதுவெதுப்பான தண்ணீர் நல்லதுதான். ஆனால் அதற்கு 30° முதல் 35° வரை போதுமே! 60° எதற்கு?

சூடேற்றும் வசதியுள்ள சலவை இயந்திரத்தில் 15 லிட்டர் தண்ணீரை 22°-லிருந்து 60°-க்கு ஏற்றினால் செலவு 0.67 யூனிட். 32° வரை மட்டும் ஏற்றினால் 0.18 யூனிட். ஒரு வாளித் தண்ணீரைக் காலையிலேயே மொட்டை மாடியில் வெயிலில் வைத்து, நண்பகலில் துணியை ஊற வைத்தால் அந்தச் செலவும் பெரும்பாலும் இல்லை. சோப்புத் தூள் குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாவிட்டால் ஒரு குவளை வெந்நீரில் முதலில் கரைத்து வாளியில் ஊற்றலாம். ஒரு குவளைக்காக ஒரு வாளியையே சூடாக்க வேண்டியதில்லை.

வேறொரு செய்தியும் உண்டு. இன்று விற்கும் சலவைத் தூள்கள் பலவற்றில் என்சைம்கள் எனப்படும் நொதிகள் சேர்க்கப்பட்டுள்ளன. வியர்வை, உணவு, இரத்தம் ஆகியவற்றின் கறைகளில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் இவை துண்டு துண்டாக உடைக்கின்றன. நொதிகளும் புரதங்களே. கொதிநீரில் போட்டால் அவற்றின் அமைப்புக் குலைந்து, செயலற்றுப் போகின்றன. இரத்தக் கறையையும் முட்டைக் கறையையும் வெந்நீரில் நனைத்தால் இன்னொரு தொல்லை: அந்தப் புரதம் வெந்து நூலோடு இறுகிவிடும். அவற்றுக்குப் பச்சைத் தண்ணீரே ஏற்றது. நோயாளியின் துணி, கைக்குழந்தையின் துணி போன்றவற்றுக்கு மட்டும் நல்ல சூடான நீரை வைத்துக்கொள்வோம்.

பிழிவதில் இருக்கிறது சூட்சுமம்

சோப்புப் போட்ட துணியை அலச வேண்டும். இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஒரு குவியல் துணியில் 2 லிட்டர் சோப்பு நீர் தங்கியிருப்பதாகவும், அலசுவதற்கு 20 லிட்டர் நல்ல தண்ணீர் இருப்பதாகவும் கொள்வோம். 20 லிட்டரையும் ஒரே தடவையில் ஊற்றி அலசிப் பிழிந்தால், மொத்தம் 22 லிட்டரில் 2 லிட்டர் துணியில் மீண்டும் தங்கும். சோப்பு பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். அதே தண்ணீரைப் பத்துப் பத்து லிட்டராக இரண்டு தடவை ஊற்றினால்? ஒவ்வொரு தடவையும் ஆறில் ஒரு பங்காகக் குறைந்து, முடிவில் 36-இல் ஒரு பங்கே மிஞ்சும். தண்ணீரின் அளவு ஒன்றுதான். துணியோ மூன்று மடங்கு சுத்தம்! துணியை இன்னும் நன்றாகப் பிழிந்து ஒரு லிட்டர் மட்டும் தங்கும்படி செய்துவிட்டு அலசினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். விடை 121 என்னும் எண்ணைக் கொண்டிருக்கும்.

இப்போது நம் முதல் விதிக்குத் திரும்புவோம். கையால் பிழிந்த பருத்தித் துணியில் ஏறக்குறைய அதன் எடை அளவுக்கே தண்ணீர் தங்கியிருக்கும். உலர்ந்த நிலையில் 2 கிலோ எடையுள்ள துணியில் 2 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். சலவை இயந்திரத்தின் பிழியும் தொட்டியில் ஐந்து நிமிடம் சுற்றினால் இதில் ஏறக்குறைய பாதி வெளியேறும். 200 வாட் மோட்டார் ஐந்து நிமிடம் ஓடினால் செலவு 0.017 யூனிட். அந்த ஒரு கிலோ தண்ணீரை வெப்பத்தால் ஆவியாக்கிப் போக்குவதென்றால் 0.68 யூனிட் வேண்டும். நாற்பது மடங்கு வித்தியாசம்! காரணம் நமக்குத் தெரியும். பிழியும்போது தண்ணீரை நகர்த்துகிறோம். உலர்த்தும்போது மூலக்கூறு மூலக்கூறாகப் பிய்த்தெடுக்கிறோம்.

பிழியும் தொட்டி எப்படி வேலை செய்கிறது? 12 செ.மீ. ஆரமுள்ள தொட்டி நிமிடத்துக்கு 1200 தடவை சுற்றுவதாகக் கொண்டால், அதன் சுவரருகே உள்ள துணி வட்டப் பாதையில் செல்லத் தேவையான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 190 மடங்கு. தொட்டியின் சுவர் துணியை உள்நோக்கித் தள்ளி வட்டத்தில் சுற்ற வைக்கிறது. தண்ணீரைத் தடுப்பதற்கோ சுவரில் இருக்கும் துளைகளில் எதுவும் இல்லை. அது தொடுகோட்டுத் திசையில் பறந்துவிடுகிறது. ஈரக் குடையைச் சுழற்றும்போது துளிகள் தெறிப்பதும் இப்படித்தான்.

இயந்திரம் இல்லாத வீட்டில் என்ன செய்வது? முறுக்கிப் பிழிந்த சட்டையை உலர்ந்த தடித்த துண்டு ஒன்றின் மேல் விரித்து, இரண்டையும் பாய் போல் சுருட்டி, மீண்டும் ஒரு முறை முறுக்குங்கள். துண்டு கணிசமான ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கொடியில் போட்ட கால் மணி நேரத்துக்குப் பிறகு துணியின் அடி விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் அங்கே இறங்கித் தேங்கியிருக்கும். அதை மட்டும் ஒரு தடவை பிழிந்துவிடுங்கள். இந்த வேலையைப் புவியீர்ப்பு விசை நமக்கு இலவசமாகச் செய்து வைத்திருக்கிறது.

எங்கே துணி சீக்கிரம் காயும்?

பிழிந்த பிறகும் மிஞ்சும் ஈரம் ஆவியாகித்தான் போக வேண்டும். இங்கே ஒரு புதிர். கார்த்திகை மாத மழை நாள் ஒன்றில் சென்னையின் வெப்பநிலை 25° செ. தை மாதத்தில் வானம் வெளுத்த ஒரு நாள், உதகையில் நண்பகல் வெப்பநிலை 20° செ. எந்த ஊரில் துணி சீக்கிரம் காயும்? சென்னை என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அவசரப்படாதீர்கள்.

காற்று ஒரு கஞ்சன். ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஓர் எல்லைக்கு மேல் அது நீராவியை ஏற்காது. ஒரு கன மீட்டர் காற்று தெவிட்டிய நிலையில் கொள்ளும் நீராவியின் அளவு 10° செ. வெப்பநிலையில் 9.4 கிராம், 20°-இல் 17.3 கிராம், 25°-இல் 23 கிராம், 30°-இல் 30.4 கிராம். இந்த எல்லையில் எத்தனை சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். சென்னையின் மழை நாளில் ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், இன்னும் காலியாக இருக்கும் இடம் 23 கிராமில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.3 கிராம். உதகையில் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் காலியிடம் 8.6 கிராம். குளிர்ந்த உதகையின் காற்றில் ஈரத்துக்குக் கிடைக்கும் இடம் சென்னையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்! ஆகவே அன்று உதகையில்தான் துணி முதலில் காயும். லடாக்கில் குளிர்காலத்தில் கொடியில் போட்ட துணி பலகை போல் உறைந்து நிற்கும். அப்படியிருந்தும் வறண்ட காற்றில் அந்தப் பனி நேராக ஆவியாகித் துணி காய்ந்துவிடுகிறது. இதைப் பதங்கமாதல் என்பார்கள்.

ஆகவே துணி காய மூன்று உதவிகள் தேவை: ஆவியாவதற்கான வெப்பம், காலியிடமுள்ள காற்று, துணியைச் சூழ்ந்த ஈரக் காற்றை அகற்றும் வீச்சு. காயும் துணியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறதே, ஏன்? ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைத் துணியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். குளிர்ந்த துணிக்குச் சுற்றியுள்ள காற்றும் வெயிலும் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

இதிலிருந்து நடைமுறை விதிகள் தாமாகவே கிடைக்கின்றன. காலையில் வெப்பநிலை குறைவு. எனவே ஒப்பு ஈரப்பதம் அதிகம். நண்பகலை ஒட்டிய நேரமே துணி காய ஏற்றது. மாலையில் வெப்பநிலை இறங்கும்போது காற்றில் காலியிடம் சுருங்கிவிடும். பொழுது சாயும் முன் துணியை எடுக்காவிட்டால், காய்ந்த துணியிலும் பனி இறங்கிவிடும். துணிகளை நெருக்கிப் போடாமல் இடைவெளி விட்டுப் போட வேண்டும். தடித்த கால்சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டால் பைகளும் காயும்.

அறைக்குள் கட்டிய கொடி

மழை விடாத நாளில் அறைக்குள் கொடி கட்டுகிறோம். சாளரத்தையும் சாத்திவிடுகிறோம். மறுநாள் துணியில் ஒரு மக்கல் வாசனை! ஏன்? 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கன அளவு 36 கன மீட்டர். 25° செ. வெப்பநிலையில் அதிலுள்ள காற்று முழுவதும் தெவிட்டினால் 828 கிராம் நீராவி இருக்கும். ஒப்பு ஈரப்பதம் முன்பே 80 சதவீதம் இருந்தால் மிச்சமுள்ள இடம் 166 கிராமுக்குத்தான். நம் துணியிலோ ஒரு கிலோ தண்ணீர் இருக்கிறது! ஆறில் ஒரு பங்கு வெளியேறியதும் அறைக் காற்று கையை விரித்துவிடும். பிறகு துணி காயாது, நுண்ணுயிர்கள் பெருகும், சுவரில் பூஞ்சணம் படரும்.

எனவே அறைக்குள் உலர்த்தும்போது எதிரெதிரே இரண்டு சாளரங்களையாவது திறந்து வைக்க வேண்டும். விசிறியைப் போட்டால் நல்லது. 75 வாட் விசிறி நான்கு மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். அது துணியைச் சூடாக்குவதில்லை. துணியை ஒட்டிய ஈரக் காற்றுப் படலத்தைத் தள்ளி, புதுக் காற்றைக் கொண்டுவருகிறது. இங்கேயும் நகர்த்துவதே மலிவு.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது, சீருடை காயவில்லை. உடனே இஸ்திரிப் பெட்டியை எடுக்கிறோம். சட்டையில் 100 கிராம் ஈரம் இருந்தால் 245 கிலோ ஜூல் வேண்டும். 1000 வாட் பெட்டியின் வெப்பம் முழுவதும் ஈரத்துக்கே போனாலும் இதற்கு நான்கு நிமிடம் ஆகும். உண்மையில் இன்னும் அதிகமாகும். இலேசான ஈரம் சுருக்கம் நீங்க உதவும் என்பது சரியே. ஆனால் துணியை உலர்த்தும் கருவியாக இஸ்திரிப் பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது. முதல் நாள் இரவே சீருடையை விசிறியின் கீழ் போட்டு வைப்பது எவ்வளவோ மேல்.

ஓர் எச்சரிக்கை

குளிருக்காகவும் துணி காய்வதற்காகவும் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மலை ஊர்களில் இப்படி உறங்கியவர்கள் காலையில் எழவே இல்லை என்னும் செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. போதிய ஆக்சிஜன் இல்லாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைந்துகொள்கிறது. உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல், தூங்குபவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுகிறார். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு. நான்கு ரூபாய் மிச்சத்துக்காக இந்த வழியை நாடவே கூடாது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இதைக் கண்டால் காரணத்தைச் சொல்லித் தடுத்து நிறுத்துங்கள்.

வாளியில் போடும் மின் சூடேற்றித் தண்டிலும் கவனம் வேண்டும். சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். ‘சூடு வந்துவிட்டதா?’ என்று விரலை விட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

செய்து பாருங்கள்

1. இன்றைய மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்று கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு விசிறியை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 75 வாட் விசிறி என்றால் நான்கு மினுக்கல். பிறகு பெரியவர்கள் துணையோடு 2000 வாட் கீசரை மட்டும் போட்டு எண்ணுங்கள். நிமிடத்துக்கு 107! எண்ணி முடிப்பதே கடினமாக இருக்கும்.

2. ஒரு துண்டை உலர்ந்த நிலையிலும், கையால் பிழிந்த பிறகும், மேலே சொன்னபடி சுருட்டி முறுக்கிய பிறகும் எடை போடுங்கள். கொடியில் போட்ட பிறகு அரை மணிக்கு ஒரு முறை எடை போட்டு வரைபடம் வரையுங்கள். கோடு முதலில் ஏறக்குறைய நேராக இறங்கும். கடைசியில் வளைந்து மெதுவாகும். இழைகளின் மேற்பரப்பில் உள்ள நீர் முதலில் எளிதாகப் போகிறது. இழைக்குள் புகுந்த நீர் வெளியே வரக் காலம் பிடிக்கிறது. வெயில் நாளுக்கும் மேகமூட்டமான நாளுக்கும் தனித்தனி வரைபடம் வரைந்து ஒப்பிடுங்கள்.

முடிவாக ஒரு கணக்கு. குளிர் நாடுகளில் பல வீடுகளில் மின்சாரத்தால் இயங்கும் உலர்த்தும் இயந்திரத்தில்தான் துணி காய்கிறது. நம் வீட்டில் நாள்தோறும் துணியிலிருந்து 2 கிலோ தண்ணீர் கொடியில் காய்ந்து போகிறது என்று கொள்வோம். 2 × 2450 = 4900 கிலோ ஜூல்; அதாவது 1.36 யூனிட். இரண்டு மாதத்துக்குச் சுமார் 82 யூனிட். இவ்வளவையும் சூரியனும் காற்றும் நமக்காகச் செலவிடுகின்றன. கட்டண அட்டையில் அது ஏறுவதில்லை. மொட்டை மாடியில் கட்டிய ஒரு கொடிக் கயிறு நம் வீட்டின் மிகச் சிக்கனமான இயந்திரம். துணியை நன்றாகப் பிழிந்து, நேரம் பார்த்து, இடைவெளி விட்டு அதில் போடுவது மட்டுமே நம் வேலை. அடுத்த விடுமுறை நாளில் அந்த வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்களேன்!